ஏதென்ஸிடம் நாம் வாங்காமல் விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய கிரேக்க, ரோமானியச் சிந்தனைகள் இன்றைய சமூகத்தை உருவாக்கிய விதம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை என்பதில் ஐயமில்லை. மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழி, யூக்ளிடின் வடிவியல், ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தேர்தல் முறையை உலகுக்கு அளித்தது ஏதென்ஸ் நகரமே என்னும் கருத்தை மட்டும் மறுக்காமல் விட மனம் வரவில்லை. நான் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். இதே வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். விடைத்தாளில் அதை அப்படியே எழுதிய மாணவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்திருக்கிறேன். அது சரியல்ல என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டபோது ஏற்பட்ட வருத்தம்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

ஏதென்ஸ் மக்களுக்குத் தேர்தல் தெரியாமல் இல்லை. போரை நடத்தும் தளபதிகள் பத்துப் பேரையும், நிதி தொடர்பான சில பதவிகளுக்கு உரியவர்களையும் அவர்கள் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேலைகளுக்குத் தனித் திறமையும் பயிற்சியும் வேண்டும் என்று கருதினார்கள். மற்றப் பதவிகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் நிரப்பியது திருவுளச்சீட்டால். கி.மு. 508-507இல் கிளைஸ்தனீஸ் என்னும் தலைவர் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாகப் பிரித்து, பிரிவுக்கு ஐம்பது பேர் வீதம் ஐந்நூறு பேர் கொண்ட அவை ஒன்றை அமைத்தார். சீட்டின் மூலம் உறுப்பினர்களைப் பெற்ற அந்த அவையில் ஒருவர் ஓராண்டுதான் இருக்கலாம். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. ஒவ்வொரு பிரிவின் ஐம்பதின்மரும் ஆண்டின் பத்தில் ஒரு பங்குக் காலம் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒருவர் சீட்டின் மூலமே ஒரு பகலும் ஓர் இரவும் தலைவராக இருந்தார். பொதுப் பணமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் திறவுகோல்களும் அரசு முத்திரையும் அந்த ஒரு நாள் அவர் கையில் இருந்தன. மறுநாள் அவை வேறொருவர் கைக்குப் போய்விடும். அந்தப் பொறுப்பு அவருக்கு இரண்டாம் முறை கிடைக்காது.

பதவிகளைச் சீட்டால் நிரப்புவது மக்களாட்சிக்குரியது, தேர்தலால் நிரப்புவது சிலராட்சிக்குரியது என்று அன்று நிலவிய கருத்தை அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் எடுத்துச் சொல்கிறார். இதை முதன்முதலில் படிப்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சிறிது நேரம் யோசித்துப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் விளங்கும். தேர்தல் என்று வந்துவிட்டால் பணம் உள்ளவர், குலப்பெருமை உள்ளவர், நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஆகியோர் மீதுதான் பார்வை விழும். சீட்டுக்கு இவை எதுவும் தெரியாது.

இந்த நம்பிக்கையை அவர்கள் வெறும் சொல்லாக விட்டுவிடவில்லை என்பதை ஒரு கல்லைக் கொண்டே காட்ட முடியும். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் 1931 முதல் நடந்த அகழாய்வில் ‘கிளெரோடீரியன்’ என்னும் சீட்டெடுக்கும் கருவியின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. நிறுத்தி வைத்த கற்பலகை. அதன் முகத்தில் வரிசை வரிசையாக, நெருக்கமாக வெட்டப்பட்ட சிறு துளைகள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு குழாய் பொருத்துவதற்கான இடம். வழக்குகளில் தீர்ப்பளிக்கும் குடிமக்களான நடுவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய பெயர், தந்தை பெயர், ஊர்ப்பிரிவு, ஓர் எழுத்து ஆகியவை பொறித்த ஒரு சீட்டு இருக்கும். வழக்கு நடக்கும் நாளன்று காலையில் வந்திருப்பவர்களின் சீட்டுகளை அந்தத் துளைகளில் செருகுவார்கள். குழாயின் வாயில் கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கலந்து கொட்டி, கீழே ஒவ்வொன்றாக விழவிடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்தக் குறுக்கு வரிசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அன்று நடுவர்கள்; கறுப்பு விழுந்தால் அந்த வரிசையே வீட்டுக்குப் போகலாம். தேர்வானவர் ஒரு பாத்திரத்தில் கைவிட்டு ஓக் மரக் கொட்டை வடிவில் உள்ள ஒன்றை எடுப்பார். அதில் இருக்கும் எழுத்துதான் அவர் எந்த நீதிமன்றத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும். அந்த மன்றத்தின் வாசல் விட்டத்தில் பூசியிருக்கும் அதே நிறத்தில் ஒரு கோலும் அவர் கையில் கொடுக்கப்படும். வேறு மன்றத்துக்குள் அவர் நுழைந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். தன் வழக்கை யார் விசாரிக்கப்போகிறார்கள் என்பது அன்று பொழுது விடியும்வரை எந்தப் பணக்காரனுக்கும் தெரியாது. யாருக்கென்று அவன் கையூட்டுக் கொடுப்பான்?

தீர்ப்பு அளிப்பதிலும் இதே கவனம் இருந்தது. நடுவர் ஒவ்வொருவருக்கும் அச்சுத்தண்டோடு கூடிய இரண்டு வெண்கல வட்டுகள் தரப்படும். ஒன்றின் தண்டு துளையுள்ளது. அது குற்றம் சாட்டியவருக்கு. மற்றொன்றின் தண்டு கெட்டியானது. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. தண்டின் இரு முனைகளையும் விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டால் எது எங்கே விழுந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இரு பக்கமும் வாக்குகள் சமமாக விழுந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. பொது வழக்குத் தொடுத்தவர் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகள்கூடப் பெறவில்லையென்றால் அவருக்கு ஆயிரம் திராக்மா அபராதம். இரகசிய வாக்கு பற்றியும் பொய் வழக்கு பற்றியும் இன்று நாம் பேசும் பேச்சுக்கெல்லாம் பொருளாக இருக்கக்கூடியவை இந்த இரண்டு வெண்கலத் துண்டுகள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பதவிக்கு வரும் வழியைப் பற்றியது அன்று. பதவியிலிருந்து இறங்கும் வழியைப் பற்றியது. தங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்முடைய பாடநூல்களிலும் அதை நான் கண்டதில்லை. ஏதென்ஸில் பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் ‘யூத்தினை’ என்னும் கணக்கு ஒப்படைப்புக்கு உட்பட்டாக வேண்டும். முதலில் வரவு செலவு தணிக்கை. அடுத்து, பதவியில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய விசாரணை. இதற்கென அமர்ந்த அலுவலர்கள் சந்தைத் திடலில், குலத்தலைவர்களின் சிலைகளுக்கு அருகே, எவரும் நெருங்கக்கூடிய இடத்தில் இருப்பார்கள். குறை உள்ள எந்தக் குடிமகனும் வெள்ளை பூசிய பலகை ஒன்றில் தன் பெயர், பதவியில் இருந்தவர் பெயர், அவர் செய்த தவறு, அதற்குத் தகுந்ததென்று தான் நினைக்கும் தண்டம் ஆகியவற்றை எழுதி அவர்களிடம் கொடுக்கலாம். எஸ்கினீஸ் என்னும் பேச்சாளர் நீதிமன்றத்தில் ஆற்றிய உரை ஒன்று, இந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்பதை விளக்குகிறது. கணக்கை ஒப்படைக்காதவர் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. தம் சொத்தைக் கோயிலுக்கு எழுதிவைக்க முடியாது. உயில் எழுத முடியாது. பூசாரிகளும் பெண் பூசாரிகளும்கூட இதற்கு விலக்கில்லை. பொதுப் பணத்தில் ஒரு காசைக்கூடத் தொடாத அலுவலரும் வந்து, “நகரத்தின் பணத்தில் நான் எதையும் பெறவும் இல்லை, செலவிடவும் இல்லை” என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எதையும் தொடாதவரும் தொடவில்லை என்று எழுதியாக வேண்டும் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். நேர்மையானவரைச் சந்தேகிப்பதற்காக வந்த விதி அன்று இது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால், கணக்குக் கேட்பது யாருக்கும் அவமானமாக இருக்காது.

இன்றைய அரசுகளிலும் தணிக்கைத் துறைகள் இருக்கின்றன, விசாரணை ஆணையங்கள் அமைக்கப்படுகின்றன என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன, உண்மைதான். ஆனால் பதவியை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும், அவர்மீது புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தம் பதவிக்காலம் முழுவதற்குமான கணக்கோடு சாதாரணக் குடிமகன் முன்னால் வந்து நிற்பதை இயல்பான கடமையாகக் கொண்ட ஆட்சிமுறையை நான் வேறெங்கும் படித்ததில்லை. நம் காலத்தில் விசாரணை என்பது யாராவது புகார் கொடுத்த பிறகு தொடங்குகிறது. ஏதென்ஸில் அது பதவிக்காலத்தின் கடைசி அங்கமாகவே இருந்தது.

இவ்வளவு நல்ல முறை ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை? காரணம் வரலாற்றில் தெளிவாகவே இருக்கிறது. புதிய அரசியலமைப்புகளை 18ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் ஏதென்ஸைவிட ரோமையே தங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டார்கள். ரோமின் ஆட்சியில் ஆட்சித்தலைவர்களான கான்சல்கள் மன்னராட்சியின் கூறு, செனட் சிலராட்சியின் கூறு, மக்கள் மன்றங்கள் மக்களாட்சியின் கூறு என்றும், இம்மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவதால்தான் அந்நாடு வலிமை பெற்றது என்றும் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாலிபியஸ் என்னும் கிரேக்கர் எழுதினார். 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ வெளியிட்ட நூலில் ரோமின் ஆட்சிமுறை பற்றிய ஆய்வுக்குப் பெரிய இடம் இருக்கிறது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவாகக் கட்டுரைகள் எழுதிய மூவரும் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் ‘பப்ளியஸ்’ என்னும் ரோமானியருடையது. அவர்களுடைய மேலவைக்குப் பெயர் செனட். அது கூடும் கட்டடத்துக்கு ரோமின் கேப்பிட்டோலைன் குன்றின் பெயர். சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை இன்று நாம் தமிழிலும் ‘வீட்டோ’ என்றே சொல்கிறோம். ‘தடை செய்கிறேன்’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல் அது. ரோமில் சாமானிய மக்களின் பிரதிநிதியாக இருந்த டிரிபியூன் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திவந்தார். பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்பும் சபைகளோ இவ்விரு நகரங்களிலிருந்தும் நேரடியாக வந்தவை அல்ல. இடைக்கால ஐரோப்பாவின் மன்னர்கள் கூட்டிய சபைகளிலிருந்து வளர்ந்தவை. ஆக, நாம் மக்களாட்சி என்று அழைப்பதன் பெயர் ஏதென்ஸுடையது. அதன் எலும்புக்கூடு பெரும்பாலும் ரோமுடையது.

அந்த மூவரில் ஒருவரான மேடிசன், ஏதென்ஸின் குடிமக்கள் ஒவ்வொருவரும் சாக்ரடீஸாக இருந்திருந்தாலும் குடிமக்கள் எல்லோரும் கூடும் அவர்களுடைய பேரவை ஒரு கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்று எழுதினார். அந்தத் தலைமுறையினர் ஏதென்ஸை அறிந்தது பெரும்பாலும் அதைக் கடிந்துகொண்ட பிளேட்டோ, செனஃபன் போன்றவர்களின் எழுத்து வழியாகத்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சீட்டு எடுக்கும் கருவி எப்படி இயங்கியது, வெண்கல வட்டுகளை எப்படிப் பிடித்தார்கள், கணக்கை எப்படிக் கேட்டார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொல்லும் ஏதென்ஸ் ஆட்சிமுறை நூல், அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்குவது, அன்று யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரஸ் சுருள்களிலிருந்து அது 1891இல்தான் அச்சேறியது. அந்தச் சுருள்களின் முன்பக்கத்தில் இருப்பது கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு. அதன் பின்பக்கத்தில்தான் இந்த நூலை யாரோ படியெடுத்திருக்கிறார்கள். கணக்குத் தாளின் முதுகில் ஏறி, ஒரு நகரம் கணக்குக் கேட்ட வரலாறு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் அது வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே புதிய ஆட்சிகளின் அடித்தளம் போடப்பட்டுவிட்டது.

மேடிசனின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் வாதிடவில்லை. கி.மு. 427இல் தங்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மைட்டிலீன் நகரத்து ஆண்கள் அனைவரையும் கொன்றுவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று ஏதென்ஸின் பேரவை கோபத்தில் தீர்மானித்து, அந்த ஆணையோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாளே மக்களுக்கு மனம் உறுத்தியது. ஒரு நகரம் முழுவதையும் அழிப்பது கொடுமை என்று தோன்றியது. மீண்டும் கூடினார்கள். கிளியோன் பழைய முடிவை மாற்றக் கூடாது என்று முழங்கினார். டயோடோட்டஸ் அதற்கு மறுப்புச் சொன்னார். கை உயர்த்தியபோது இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்து, இரக்கத்தின் பக்கம் மயிரிழையில் வென்றது. உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்தது. துடுப்பு வலித்தவர்கள், திராட்சை மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்றும் அடிக்கவில்லை. இத்தனை கொடிய செய்தியைச் சுமந்துசென்ற முதல் கப்பலோ அவசரம் காட்டாமல் போயிருந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். தளபதி ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகும் தறுவாயில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆனாலும் கிளர்ச்சியில் முன்னின்றவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, ஆர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகளை, மூழ்கியவர்களைக் காப்பாற்றத் தவறினார்கள் என்று ஒரே வாக்கெடுப்பில் சேர்த்துத் தண்டித்து ஆறு பேரைக் கொன்றதும் அதே பேரவைதான்.

இந்தத் தவறுகளுக்குப் பிறகு ஏதென்ஸ் என்ன செய்தது என்பதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டபோது, நிலையான சட்டத்தையும் பேரவையின் அன்றாடத் தீர்மானத்தையும் வேறுவேறாகப் பிரித்தார்கள். எந்தத் தீர்மானமும் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல என்று விதித்தார்கள். சட்டத்துக்கு மாறான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்மீது எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுத்து அதைச் செல்லாததாக்கும் முறை முன்பே இருந்தது. அது இப்போது இன்னும் கூர்மை பெற்றது. நம் காலத்து நீதிமன்றங்கள் அரசியலமைப்புக்கு முரணான சட்டங்களைத் தள்ளுபடி செய்வது இதிலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கவலை ஒன்றுதான்.

ரோமைப் பற்றித் தங்கள் கட்டுரை சாலைகளையும் நீர்க்கால்வாய்களையும் பெரிதாகப் பேசியது. அவற்றின் பெருமையைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த மக்கள் விட்டுச்சென்ற மிகப் பெரிய கட்டுமானம் கல்லால் ஆனதல்ல. எழுதப்படாத சட்டத்தை உயர்குலத்தார் தமக்கு வேண்டியபடி சொல்கிறார்கள் என்று சாமானியர் போராடியதால் கி.மு. 451-450இல் பன்னிரண்டு பலகைகளில் சட்டத்தை எழுதிப் பொது இடத்தில் வைத்தார்கள். தம் சிறுவயதில் பிள்ளைகள் அவற்றைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்ததாக நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு ரோமானியப் பேச்சாளர் சிசரோ நினைவுகூர்கிறார். அந்தச் சட்டங்களில் பல கொடியவை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தை யாரும் படிக்கலாம், படித்தவர் எதிர்த்துக் கேட்கலாம்.

அந்த விதையிலிருந்து ஆயிரம் ஆண்டுகளில் முளைத்தவற்றில் சிலவற்றை இன்று உலகின் பல நீதிமன்றங்களில் கேட்கலாம். ஒன்றைச் சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும், மறுப்பவர் அல்லர் என்பது பவுலுஸ் என்னும் ரோமானியச் சட்ட அறிஞரின் வாக்கு. குற்றமற்ற ஒருவரைத் தண்டிப்பதைவிடக் குற்றவாளியின் குற்றம் தண்டிக்கப்படாமல் போவதே மேல் என்பது பேரரசர் டிராஜன் அனுப்பிய விடை என்று மற்றொரு சட்ட அறிஞரான உல்பியன் குறித்திருக்கிறார். குற்றம் சாட்டியவரை நேருக்கு நேர் காணாமலும், மறுமொழி சொல்ல வாய்ப்பளிக்காமலும் எவரையும் ஒப்படைப்பது ரோமர்களின் வழக்கமல்ல என்று ஆளுநர் ஃபெஸ்துஸ் சொன்னதாக விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று மொட்டைக் கடிதம் பற்றியது. கி.பி. 112ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருங்கடல் கரையை ஒட்டிய மாகாணத்தை ஆண்ட பிளினியிடம், கிறிஸ்தவர்கள் என்று பலருடைய பெயரைப் பட்டியலிட்ட, எழுதியவர் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. என்ன செய்வது என்று அவர் டிராஜனிடம் கேட்டார். பெயரில்லாமல் வரும் குற்றச்சாட்டுக்கு எந்த வழக்கிலும் இடம் கொடுக்கக் கூடாது, அது மிகக் கெட்ட முன்மாதிரி, நம் காலத்துக்குத் தகாதது என்று பேரரசர் விடை எழுதினார். அதே கடிதத்தில், கிறிஸ்தவர் என்று மெய்ப்பிக்கப்பட்டு மனம் மாற மறுப்பவர்களைத் தண்டிக்கவும் அவர் ஆணையிட்டார். அந்த ஆணையின் கொடுமையை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் வேலை பார்த்த காலத்தில், ஒரு மொட்டைக் கடிதத்தால் என்னுடன் பணியாற்றிய ஒருவர் மாதக்கணக்கில் தலைகுனிந்து நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். கடைசியில் அது பொய் என்று தெரிந்தது. எழுதியவர் யார் என்பது மட்டும் தெரியவே இல்லை. யாருடைய பெயரையும் யாரும் முகம் காட்டாமல் இழுத்துவிடக்கூடிய இந்தக் காலத்தில், ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த விடையைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்தச் சட்டங்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் நீண்டது. கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைப்படி டிரிபோனியன் தலைமையிலான குழு, முப்பது இலட்சம் வரிகள் கொண்டதாகச் சொல்லப்படும் பழைய சட்ட நூல்களைச் சலித்து, ஐம்பது பகுதிகளாகத் தொகுத்து கி.பி. 533இல் வெளியிட்டது. மேற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் மறந்து கிடந்த அத்தொகுப்பை 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தாலியின் பொலோனியாவில் வரிவரியாகப் பாடம் சொன்னார்கள். 1804இல் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்திலும், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டத்திலும் அதன் சாயல் ஆழமாகப் படிந்திருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். நான் மேலே விவரித்த கற்பலகையின் துளைகளில் பெண் ஒருத்தியின் சீட்டு ஒருபோதும் செருகப்பட்டதில்லை. தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸின் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்று கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் சட்டம் கொண்டுவந்தார். குடியுரிமையைக் கடத்துவதற்குத் தாய் வேண்டும், பேரவையில் பேசுவதற்கு அவள் வேண்டாம். நகரத்தின் கடற்படைக்குப் பணம் தந்த லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில், ஆள் நிமிர முடியாத குடைவுகளுக்குள் அடிமைகள் உழைத்தார்கள். அத்தனை கவனத்தோடு இரகசிய வாக்களித்த அதே நீதிமன்றங்கள், அடிமையின் சாட்சியத்தைச் சித்திரவதை செய்து வாங்கினால்தான் ஏற்கலாம் என்றும் வைத்திருந்தன. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதிய வாதம் அவரோடு போய்விடவில்லை. 1550-51இல் ஸ்பெயினின் வயடோலிட் நகரில் நடந்த விவாதத்தில், அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கி ஆள்வது நியாயமே என்று நிறுவ செபுல்வேதா அதைத்தான் கையில் எடுத்தார். லாஸ் காசாஸ் அதை எதிர்த்து நின்றார். பழைய சிந்தனைகள் நம்மை உருவாக்கின என்று சொல்லும்போது, இந்த உருவாக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எதிர்ப்புக்கான சொல்லும் அங்கேயே இருந்தது. உரிமையியல் சட்டத்தைப் பொறுத்தவரை அடிமைகள் ஆட்களாகவே கருதப்படுவதில்லை, இயற்கைச் சட்டத்தைப் பொறுத்தவரையோ எல்லா மனிதர்களும் சமம் என்று உல்பியன் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தின் முற்பாதியை நடைமுறைப்படுத்திய அவருடைய காலம், பிற்பாதியை ஏட்டில் வைத்துப் பூட்டிவிட்டது. அதைத் திறக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

சீட்டு முறைக்கும் அப்படி ஒரு கதவு இப்போது மெல்லத் திறந்துவருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஆராய 2004இல் கூடிய மன்றத்துக்குச் சீட்டின் மூலம் ஏறக்குறைய 160 குடிமக்கள் தெரிவு செய்யப்பட்டார்கள். அயர்லாந்தில் 2016இல் அமைந்த குடிமக்கள் மன்றத்தில் தலைவரைத் தவிர 99 பேர் இவ்வாறே எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அரசியல் கட்சிகள் தொடத் தயங்கிய கருக்கலைப்புச் சட்டத்தை அவர்கள் வார இறுதிகளில் கூடி, வல்லுநர்களைக் கேள்வி கேட்டு, விவாதித்துப் பரிந்துரை செய்தார்கள். 2018இல் நடந்த பொது வாக்கெடுப்பில் நாடு அதே திசையில் முடிவெடுத்தது. சட்டம் பற்றி ஒருவருடைய கருத்து எதுவாக இருந்தாலும், சாதாரண மனிதர்கள் பொறுப்பைக் கையில் கொடுத்தால் பொறுப்பாக நடந்துகொள்வார்கள் என்ற ஏதென்ஸின் நம்பிக்கை அங்கே பொய்க்கவில்லை. ஆனால் யூத்தினைக்கு மட்டும் இப்படியொரு மறுபிறப்பை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், தேர்தல் ஏதென்ஸின் கொடை என்ற வரியைத் திருத்தி, அங்கே பெரும்பாலான பதவிகள் சீட்டால் நிரப்பப்பட்டன என்பதைச் சேர்க்க வேண்டும். அதோடு, பதவியிலிருந்து இறங்குபவர் கணக்கு ஒப்படைத்த முறையைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதச் செய்ய வேண்டும். தங்கள் ஞாயிறு இணைப்பைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். என் வகுப்பிலும் இருந்தார்கள். நான் தவறாக எழுதிப்போட்ட வரியை அவர்களுக்குத் திருத்திச் சொல்ல எனக்கு இனி வகுப்பறை இல்லை. தங்கள் பக்கங்களில் அந்தத் திருத்தம் வந்தால் அவர்களில் சிலருடைய கண்ணிலாவது அது படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்